பச்சை டிக் விழுந்த கடிதம்

1

“அனுப்பிட்டேன்னு சொன்னியா இல்லையா?”

“அனுப்பினது நிஜம்க்கா. ஐடி இருக்கு, நேரம் இருக்கு, இங்க பாரு...”

“ஐடியை வெச்சு நான் என்ன பண்ண? அந்தம்மாவுக்குப் போய்ச் சேரலையே!”

“சேர்றது என் கையில இல்ல. நான் சர்வீஸ்கிட்ட கொடுத்தேன். அது வாங்கிக்கிச்சு, சரின்னு சொல்லிச்சு. அதுக்குத்தான் பச்சை டிக்.”

“வாங்கிக்கிட்டதுக்கா டிக் போடுவே? போய்ச் சேர்ந்துடுச்சுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்!”

“நீ கேக்கலையே.”

“டிக்கைப் பாத்து யாராவது கேள்வி கேப்பாங்களாடி?”

இந்தக் கதை என்னிடம் இப்படித்தான் வந்தது, நடுவிலிருந்து. இன்று காலை ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டிய ரத்தத்துக்காகக் காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள். அக்கா அந்த லேபை நடத்துகிறவள்; ஊசி குத்துவதும் மெஷினில் போட்டுப் பார்ப்பதும் அவள்தான். முடிவுகளை எல்லோருக்கும் மெயிலில் அனுப்புகிற ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தவள் தங்கை.

எனக்குக் கதைகள் எப்போதும் காது வழியாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில கதைகளில் வராமலே போனதும் உண்டு. இதில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தங்கையின் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.

காதில் விழுந்தது என்று எழுதுவதா, ஒட்டுக்கேட்டேன் என்று எழுதுவதா? நாற்காலியைப் பிளைவுட் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். ஆகவே ஒட்டுக்கேட்டேன்.

2

ஒரு மெயில் போய்ச் சேராததற்கு இத்தனை சண்டையா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த வரி வரும்வரை.

“பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பதுடி. அஞ்சைத் தாண்டக் கூடாது. இந்த அளவு நிஜமா இருந்தா இதயம் எப்ப நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப ஃபோன் பண்ண வேண்டியதுதானே?”

“முந்தாநாள் ராத்திரிக்குள்ள ஆறு தடவை பண்ணிட்டேன். ஃபார்ம்ல இருக்கறது அவங்க வீட்டுக்காரர் நம்பர். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. ஸ்விட்ச் ஆஃப். சரி, மெயில் போயிடுச்சே, டிக் இருக்கேன்னு இருந்துட்டேன். நேத்தும் அவங்க வரலை. சாயங்காலம் வீட்டுக்கே போனேன்.”

“வீட்டுல?”

“பூட்டு. ‘வாடகைக்கு’ன்னு அட்டை தொங்குது. பக்கத்து வீட்டுல, ‘காலி பண்ணிட்டாங்க, எங்கேன்னு சொல்லலை’ங்கறாங்க.”

“வேலை பாக்கற இடம்?”

“தொழில்ங்கற இடத்துல டிரைவிங் டீச்சர்னு மட்டும் எழுதியிருக்காங்க. நாலு ஸ்கூலுக்குக் கேட்டாச்சு, அப்படி யாரும் இல்லையாம். சொந்த வண்டி வெச்சுத் தனியா சொல்லிக்கொடுக்கறாங்களோ என்னவோ. பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சுக்கிட்டு ரோட்டுல போறவங்கடி அவங்க! இன்னிக்கும் போய்க்கிட்டிருப்பாங்க!”

“அக்கா, மெஷின் தப்பா காட்டியிருந்தா?”

“மெஷின் தப்பில்ல. நான் தப்பா எடுத்திருக்கலாம். நரம்பே கிடைக்கலை, ரெண்டு தடவை குத்தினேன். ஊசிக்குள்ள ரத்த அணு உடைஞ்சா பொட்டாசியம் ஏறித்தான் காட்டும். எனக்கு வேர்த்துடுச்சு, அந்தம்மா என்னையே சமாதானப்படுத்தறாங்க, ‘அவசரமே இல்ல, ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது’ன்னு.”

“அப்ப உன் கை தப்பு பண்ணியிருந்தா அவங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“ஆமா. இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவையா, என் கை தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

(இந்த வரிக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். ஒருத்தி நெஞ்சு பதறச் சொல்வதை ‘ஆகா, நல்ல வரி’ என்று அடிக்கோடிடுகிற கை எப்படிப்பட்ட கை என்று நீங்கள் கேட்கலாம். பிறகு கேளுங்கள். நானே கேட்கப் போகிறேன்.)

3

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக எழுத உட்கார்ந்தேன். சண்டையில் தொடங்குவது எனக்கு முதலில் தோன்றவில்லை. மரியாதையான தொடக்கங்களைத்தான் முயன்றேன்.

முதல் தொடக்கம்: “மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பத் தொடங்கிய காலம் முதல்...” இது பள்ளிக்கூட மேடைப் பேச்சு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “மேகத்தில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. அங்கே...” இது அழகாக இருந்ததால் சந்தேகம் வந்தது. க்ளவுட் என்றதும் எழுதுகிறவர்கள் வானத்தைப் பார்த்துவிடுகிறார்கள். தங்கை இதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தாள். அக்கா, “அந்த க்ளவுட்ல போய்ப் பாருடி” என்றபோது அவள், “மேகமும் இல்ல, மண்ணும் இல்லக்கா, யாரோட கட்டடத்துலயோ ஓடற கம்ப்யூட்டர்” என்றாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவது: “தங்கை நல்லவள். கெட்டிக்காரி. ஆனால்...” இந்த ‘ஆனால்’ என்னைப் பார்த்து முறைத்தது. ஆனால், என்ன? அவள் செய்த தப்பு என்ன என்று எனக்கே அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. புரியாமல் ஒரு பெண்ணைக் கதைக்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

எனவே நோட்டைப் புரட்டி, காதில் விழுந்ததை வரிசைப்படுத்தினேன். லேபில் ஒரு முடிவு தயாரானதும் ப்ரோக்ராம் ஒரு கடிதம் எழுதும். அதைத் தானே கொண்டுபோய்ப் போடாது. மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு சேவையிடம் கொடுக்கும். சேவை ‘வாங்கிக்கொண்டேன்’ என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். ப்ரோக்ராம் உடனே பச்சை டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். அதன் பிறகு அந்தக் கடிதத்துக்கு என்ன ஆனது என்பது அதற்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.*

* பத்திரிகைகளுக்கு என் கதைகளை நான் மெயிலில்தான் அனுப்புகிறேன். பதில் வராதவற்றை எல்லாம் இதுநாள்வரை ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்து வருந்தியிருக்கிறேன். இப்போது வருந்துவதற்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது.

4

திரும்பவும் பிளைவுட்டுக்குப் பின்னால். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும். பிறகு சத்தம் நின்றது.

“அக்கா.”

“என்ன?”

“சப்ரஷன் லிஸ்ட்ல இருக்காங்க.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“இந்த ஆளுக்கு இனிமே எதுவும் அனுப்பாதேன்னு சர்வீஸே ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும். நாம கொடுத்தா வாங்கிக்கும். ஆனா அனுப்பாது. கீழ போட்டுடும்.”

“போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாதா?”

“சொல்லும். ஆனா தனி வழியில சொல்லும், நாமதான் காது கொடுத்துக் கேக்கணும். அந்தப் பகுதியை அடுத்த மாசம் எழுதலாம்னு வெச்சிருந்தேன்.”

“எந்த அடுத்த மாசம்?”

“போன வருஷத்து அடுத்த மாசம்.”

“நல்லா இருக்குடி. வாயை மட்டும் வெச்சு ஒரு ப்ரோக்ராம் பண்ணியிருக்கே. காதே வைக்கலை.”

“நம்ம குடும்பத்து ப்ரோக்ராம்தானேக்கா.”

(நான் சிரித்துவிட்டேன். தடுப்புக்கு இந்தப் பக்கம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

“சரி, அவங்க எதுக்கு அந்த லிஸ்ட்ல போனாங்க?”

“நம்ம மெயிலை ஸ்பாம்னு அழுத்தியிருக்காங்க. போன மாசம் ஒன்பதாம் தேதி, காலைல ஆறு மணி ஏழு நிமிஷம்.”

“அன்னிக்கு என்ன ரிசல்ட் போச்சு?”

“ரிசல்ட் இல்ல. பிறந்தநாள் வாழ்த்து.”

“அந்தம்மாவுக்கா?”

“வீட்டுக்காரருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் ஐடி. தேதி வந்தா ப்ரோக்ராம் தானா அனுப்பும். அவர் போயிட்டார்னு அதுக்கு யார் சொன்னா? ‘இறந்துட்டார்’னு ஒரு கட்டம் வெச்சுக் கொடுத்தேன். நீதான், ‘ரத்தம் கொடுக்க வந்தவங்க ஸ்கிரீனை எட்டிப் பாத்தா என்ன நினைப்பாங்க, அபசகுனமா இருக்கு, எடுத்துடு’ன்னே.”

ஒரு மெஷின் உர்ரென்று சுற்றி அடங்கியது.

“வாழ்த்து ஒரு அட்ரஸ்ல இருந்தும் ரிசல்ட் வேற அட்ரஸ்ல இருந்தும் போகட்டும்னும் சொன்னேன்.”

“சொன்னே. எல்லாத்துலயும் ஒரே பேர் இருந்தாதான் லேப் பேர் மனசுல நிக்கும்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன்.”

“ஒருத்தர் வாழ்த்து வேண்டாம்னு அழுத்தினா ரிசல்ட்டும் சேர்ந்து நின்னுடும்னு நான் தெளிவா சொல்லியிருக்கணும்க்கா.”

“சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்டி.”

அரைமணி நேரச் சண்டையில் முதன்முறையாக இரண்டு குரலும் ஒரே உயரத்தில் இருந்தன. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைத் தந்தது. சண்டை போடுகிறவரை ஏதோ வழி இருக்கிறது என்று அர்த்தம்.

“இப்ப என்ன பண்றே?”

“லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். திரும்ப அனுப்பறேன். இரு... போயிடுச்சு. டெலிவர்டு.”

“டிக்கா?”

“டிக் இல்ல, நிஜம். அவங்க மெயில் பெட்டி வரைக்கும் போயிடுச்சு.”

“பாத்துட்டாங்களா?”

“அவங்களே ஒரு தடவை ஸ்பாம்னு ஒதுக்கின அட்ரஸ். பெரும்பாலும் நேரா அந்த மூலைலதான் போய் விழும். அந்த மூலையை யார் போய்த் திறந்து பாக்கறாங்க?”

“வேற பேர்ல இருந்து அனுப்பு!”

“என் சொந்த ஐடில இருந்தும் அனுப்பிட்டேன். ‘அவசரம், உடனே லேபுக்கு வாங்க, வண்டி ஓட்டாதீங்க’ன்னு. முன்னபின்ன தெரியாத பேர்ல இருந்து இப்படி ஒரு மெயில் வந்தா நீ திறப்பியா?”

“...ஏமாத்துக்காரன்னு நினைப்பேன்.”

“அதான்.”

5

இங்கே ஒரு காட்சியை நானாகக் கற்பனை செய்து வைக்க வேண்டியிருந்தது. காலை ஆறு மணி ஏழு நிமிடம்.

தனியாக இருக்கும் ஒரு பெண். ஐம்பத்தைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். கணவரின் பிறந்தநாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது, இரண்டு நாளாகவே நினைவிருக்கிறது. இந்த நாளை எப்படிக் கடப்பது என்று திட்டம்கூட வைத்திருக்கிறாள். காலை எட்டு மணிக்கு ஒரு மாணவி, ஒன்பதரைக்கு இன்னொருவர். ஃபோன் சிணுங்குகிறது. “உங்கள் பிறந்தநாளில் நீண்ட ஆயுளும் குறையாத ஆரோக்கியமும் பெற வாழ்த்துகிறோம்.” கீழே பலூன் படம். அவருக்குக் கடைசியாக ரத்தம் எடுத்த லேபின் பெயர்.

அவள் அழுத்தினாள். அந்த நேரத்தில் வேறெதுவும் கையில் கிடைத்திருந்தால் அதை விட்டெறிந்திருப்பாள். ஃபோனில் விட்டெறிவதற்கு இருப்பது அந்த ஒரு பட்டன்தான். அதனால் தனக்கு வரப்போகும் ஒரு கடிதத்தின் வழியை அடைக்கிறோம் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாததை எல்லாம் நான் தெரிந்துகொண்டு மேலே உட்கார்ந்து எழுதுவது பிடிக்கவில்லை.)

எனக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. அறையில் அவள் தனியாக இருக்கிறாள், பேச ஆளில்லை. பேச்சு இல்லாவிட்டால் என் பாத்திரங்களுக்கு உயிர் வராது. எனவே அவளை வீட்டைவிட்டுக் கிளப்பிக் காருக்குள் உட்கார வைத்தேன், பக்கத்தில் பயந்துபோன ஒரு மாணவியோடு. குரலுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் தினமும் நாலு மணிக்கு ஒரு பயிற்சிக் கார் வரும். மாடியில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே அந்தக் குரல் கேட்கும். முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவர்கள் இதைக் கடன் என்பார்கள். திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

“டீச்சர், வண்டி நின்னுடுச்சு!”

“நிக்கட்டும்.”

“பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க டீச்சர்!”

“அவங்க கை, அவங்க ஹாரன். நீங்க கிளட்ச்சை மிதிங்க. இப்ப மெதுவா விடுங்க. மெதுவா. அவசரமே இல்லம்மா, ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது.”

இதை எழுதியதும் அவள் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல குரல் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்படி நிம்மதியாக இருந்திருக்கக் கூடாது.

6

ஒரு சின்ன காட்சி. இது கற்பனை இல்லை. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“அம்மா, நீங்க வாங்க” என்று அக்கா வெளியே வந்து கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணோரம் சிவந்திருந்தது, உதட்டில் வேலைக்கான சிரிப்பு. என் முழங்கையைத் தடவி நரம்பைத் தேடினாள்.

“உள்ள கொஞ்சம் சத்தமா பேசிட்டோம். மன்னிச்சுக்குங்கம்மா.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“வலிச்சா சொல்லுங்க.”

“வலிக்கலை.”

“ரிசல்ட் சாயங்காலம் மெயில்ல வந்துடும்.”

“வந்துடும்ல?” என்றேன். அவள் கை ஒரு நொடி அப்படியே நின்றது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன், பாருங்கள். எல்லாம் கேட்டது. ‘யாரும்மா அந்த டீச்சர், ஆள் எப்படி இருப்பாங்க, நானும் விசாரிக்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்கள் கதை என் கதையாகிவிடும், என் நோட்டை மூடி வைக்க வேண்டியிருக்கும். பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு, வசனம் மறந்துபோவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் ஆட்டோ பிடித்தேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு. லேபின் கதவு தடாலென்று திறக்கிறது.

“யாரு இங்க பொறுப்பு? செத்த மனுஷனுக்கு நீண்ட ஆயுள் வாழ்த்து அனுப்பினது யாரு?”

“நான்தான்மா. உக்காருங்க. முதல்ல கையை நீட்டுங்க.”

“எதுக்கு?”

“திட்டிக்கிட்டே நீட்டுங்க.”

மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் நாலு புள்ளி மூன்று. அக்கா வாழ்நாளில் செய்த ஒரே தப்பு அன்று எல்லோரையும் காப்பாற்றுகிறது. மூன்று பெண்களும் சிரிக்கிறார்கள், ஒருத்தி அழுதுகொண்டே. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே வேண்டாம். இது அக்காவையும் தங்கையையும் விடுதலை செய்கிறது. ஓசைப்படாமல் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னையும் சேர்த்து.

இரண்டாவது முடிவு. இதில் ஒரே ஒரு வசனம்தான் எழுதினேன். மாணவியின் குரல்.

“டீச்சர், இப்ப எந்த கியர்? ...டீச்சர்?”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகும் அந்த வரி அறைக்குள் இருந்தது.

மூன்றாவது முடிவு, யாருக்கும் எதுவும் தெரியாமல் போவது. மெயில் மூலையில் கிடக்கிறது. அக்கா கதவைப் பார்க்கிறாள். தங்கை ப்ரோக்ராமுக்குக் காது வைக்கிறாள், இந்த முறை நிஜமாகவே. நவீனமான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று

8

“என்ன, முடிஞ்சுதா?” என்று வந்தார் என் வீட்டுக்காரர். என் கதைகளுக்கு முதல் வாசகர். பணியில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளில் தப்புக் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு நான் ஒருத்திதான் அவருக்குக் கிடைத்தேன்.

பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தாள் திரும்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தாள் மட்டும் திரும்பவில்லை.

“ஒரே வரி ரெண்டு இடத்துல வருது, பாத்தியா?”

“எந்த வரி?”

“‘ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது.’ லேப்ல அந்தப் பொண்ணு சொல்றா, டீச்சர் சொன்னதா. அப்புறம் இங்க கார்லயும் வருது.”

“கார்ல வர்றது நம்ம தெருவுல வர்ற அம்மாவோடது. குரலை மட்டும் எடுத்துக்கிட்டேன்.”

“அப்ப லேப்ல வர்றது?”

“அது...”

“அதையும் நீதான் அந்தப் பொண்ணு வாயில வெச்சியா?”

“இருங்க.”

நோட்டை எடுத்தேன். லேபில் உட்கார்ந்து பென்சிலில் கிறுக்கிய பக்கம். அக்கா சொன்னது, சொன்னபடியே. ‘அவசரமே இல்ல, ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது.’ பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டு எழுதியது. பிறகு வீட்டில், இந்த மேஜையில், ஜன்னல் வழியாக மாதக்கணக்கில் கேட்ட குரலிலிருந்து அதே வரியை எடுத்து எழுதியிருக்கிறேன். இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதால் ஒட்டியிருப்பது எனக்குத் தெரியவில்லை. காதால் பிழைக்கிறவள் என்று முதல் பக்கத்தில் பீற்றிக்கொண்டேன்.

“ஏங்க. இன்னிக்கு அந்தக் கார் வந்துதா?”

“மணி நாலரை ஆகுது. வரலையே.”

“நேத்து?”

“நேத்து வந்துது. நம்ம வாசல்லயே மூணு தடவை நின்னு நின்னு போச்சு.”

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

அவர் யோசித்தார். தாளை மடியில் வைத்தார்.

“ஒண்ணும் சொல்லலை. ஓட்டற பொண்ணுதான் பேசிக்கிட்டிருந்தா. அந்தம்மா சீட்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வெயில்னு நினைச்சேன்.”

“வண்டிக்குப் பின்னாடி ஃபோன் நம்பர் எழுதியிருக்கும். சிவப்பு பெயிண்ட்ல. கடைசில ரெண்டு ஏழு. முன்னாடி என்ன? தினமும் பாக்கறோமே, முன்னாடி என்னங்க?”

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து தன் பழைய டைரியை எடுத்துவந்து பிரித்து நீட்டினார். நம்பர் முழுசாக இருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘கார்’ என்று எழுதியிருந்தது.

“இது எதுக்கு உங்ககிட்ட?”

“சும்மா.”

“எழுபத்தொரு வயசுல சும்மா யாராவது டிரைவிங் டீச்சர் நம்பரை எழுதி வெப்பாங்களா?”

“உன்கிட்ட சொன்னா சிரிப்பே.”

சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பேன்.

“நான் லேபுக்கு ஃபோன் அடிக்கறேன். நீ இவங்களுக்கு அடி” என்றார்.

“வேற யாராவதா இருந்தா? உலகத்துல ரெண்டு பேர் ஒரே மாதிரி பேச மாட்டாங்களா?”

“வேற யாராவதா இருந்தா மன்னிப்புக் கேட்டுக்கலாம். அடி.”

9

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில், இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மணி போகிறது. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

பால்கனியில் அவர் குரல்: “லேப் லைன் பிஸி. திரும்ப அடிக்கறேன்.”

ஐந்தாவது மணி. ஆறாவது.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே கைவரவில்லை. ‘நீங்க என்னைப் பாத்ததில்ல. உங்க குரல் மட்டும் எனக்குத் தெரியும்.’ பயந்துவிடுவாள். ‘லேப்ல இருந்து பேசறேன்.’ பொய். அதோடு அந்த லேபின் பெயரைக் கேட்டாலே வைத்துவிடுவாள். ‘ஒரு கதை எழுதிக்கிட்டிருந்தேன்.’ சே.

தங்கை சொன்னதுதான் காதில் ஓடுகிறது. கொடுத்தது வேறு, சேர்ந்தது வேறு, பார்த்தது வேறு. நான் காலையிலிருந்து இந்தக் கதையை உங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டிய இடம் இது இல்லை.

பத்தாவது மணி.

எடுத்துவிட்டார்கள்.

யாரும் பேசவில்லை. காருக்குள்ளிருந்து வரும் சத்தம் கேட்கிறது. இன்ஜின் ஓடுகிறது. இண்டிகேட்டர் போட்டபடியே இருக்கிறது, அந்தச் சீரான சத்தம். திரும்பப் போகிறார்களா, ஓரமாக நின்றுவிட்டார்களா? மூச்சு கேட்கிறது. யாருடைய மூச்சு, டீச்சருடையதா, மாணவியுடையதா? என் காதுக்கு இது தெரிய வேண்டும். தெரியவில்லை.

அந்தப் பக்கத்து வசனத்தை எழுத இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

(                    )

அதில் என்னால் ஒரு வார்த்தை எழுத முடியாது. மூன்று முடிவு எழுதியவள்தான், நாலாவதும் எழுதலாம், கைக்குப் பழக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவள் என் பாத்திரம் இல்லை. உங்களுக்கு ஏதாவது கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பென்சிலைக் கீழே வைக்கப் போகிறேன். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வரி, அதையும் வாயால்தான் சொல்லப் போகிறேன்.

“டீச்சர்... அவசரமே இல்ல. வண்டியை மெதுவா ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டீங்களா?”